வசைக்கு வாய்த்த நீதிபதி

1807-இல் இலங்கையின் கற்பிட்டியில் பிறந்து, பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாக இருந்த சைமன் காசிச்செட்டி, 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் புலவர் வரலாற்று நூலில், ஒரு சொல்லில் இருபொருள் வைக்கும் சிலேடையாலும், புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சியாலும் மனிதரையும் தெய்வத்தையும் பாகுபாடின்றி வைத காளமேகப் புலவருக்கும் இடமளித்தார். அவதூறு வழக்கை விசாரிக்க வேண்டியவரே வசைகவிக்கு வரலாறு எழுதியது தமிழ் உலகில்தான் நடக்கும். வையப்பட்டவர் வீட்டுக்குப் போய், பொருள் பிரித்துப் பார்த்த பின்னரே கோபப்பட்ட காலத்தின் புலவர் காளமேகம். ஆனால் அந்த நீதிபதி இருந்த சிலாபக் கரையோரத்திலேயே தமிழ் பேசிய மீனவக் குடிகள் பல படிப்படியாகச் சிங்களத்துக்கு மாறின. அப்படி மொழி மாறும்போது முதலில் கரைவது சிலேடையே, ஏனெனில் இருபொருளும் தெரிந்தவரிடம் மட்டுமே அந்த நாணயம் செல்லும். அக்கரையோர ஊரான உடப்பில் மட்டும் இன்றும் தமிழ் வழங்குகிறது. ஆகவே அங்கே எவரேனும் “ஐயா பெரிய மனுசர்” என்றால், அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட வேண்டாம்.