செருப்புப் பலகை: திருப்பதி வட்டாரத்தில் கட்டளைக்குப் பக்கப்படம் இடும் முறை பற்றிய ஒரு முதனிலை ஆய்வு

சித்தூர் பஸ் நிலையம் முதல் திருமலை வரிசை வரை, கட்டளை வாசகத்துக்கு எந்தப் பக்கம் படம் வைப்பது என்னும் பெருவினாவை அறிஞர் உலகம் இன்னும் தீண்டவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. குறை இருந்ததே யாருக்கும் தெரியாது என்பது இதன் தனிச்சிறப்பு.

படப்பலகை மூவகைப்படும். இடப்படம்: படம் இடப்பக்கம். வலப்படம்: வலப்பக்கம். மூன்றாவது, செருப்பு.

சிவப்பு வட்டம், உள்ளே செருப்பு, குறுக்கே ஒரு கோடு. கோடு வாரை மறைத்துவிடுவதால் எஞ்சிய உருவம் மீன் என்பது ஒரு சாரார் கொள்கை (காட்பாடி–திருப்பதி பாசஞ்சர், எதிர் இருக்கைப் பாட்டி, வாய்மொழி). திருமலையில் புலாலுக்குத் தடை உண்டாதலால் இக்கொள்கையை எளிதில் தள்ள முடியாது. படகு என்பாரும் உளர் (இட்லி மடித்த தாள், மேற்பாதி, கீழ்ப்பாதி சட்னியில் கரைந்தது). இவ்விரண்டையும் மறுப்பது மேற்படித் தாளுக்கு மேற்படிப் பாட்டி எழுதாத உரை (மூன்றாம் பதிப்பு, சுருக்குப்பை வெளியீடு, வெற்றிலைக் கறைக்குக் கீழுள்ள அடிக்குறிப்பு மட்டும்).

இனி மொழிச்சிக்கல். தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என ஐந்து வரி ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்க, ஓரத்தில் செருப்பு, செல்போன், கேமரா என மூன்று படங்களை அடுக்கினால், செருப்பு தெலுங்கோடு நின்றுவிடும். 'கழற்றி வைக்கவும்' என்ற தமிழ் வரிக்கு நேரே செல்போன் வந்து நிற்கும். தமிழர் செல்போனைக் கழற்ற முயல்வது இதனால்தான்.

வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் 1920களிலேயே படமொழி சமைத்தார். எழுத்தறியாதவரும் ஓட்டுப் போட 1951–52 பொதுத்தேர்தலில் சின்னங்கள் வந்தன. இரண்டிலும் படம் கண்ணுக்கு எதிரேயே இருந்தது. 'படம் 3.2 காண்க' என்று எழுதிப் படத்தைப் பின்னிணைப்பில் புதைக்கும் கலை பல்கலைக்கழகத்துக்கே உரியது. செருப்புப் பலகையை முனைவர் பட்ட முறைப்படி அமைத்தால் வாசகம் மலையடிவார அலிபிரியிலும் படம் 3,550 படிக்கு மேலேயும் இருக்கும். நெறியாளர் கையொப்பமிடும்வரை பக்தர் செருப்போடுதான் ஏறவேண்டும்.

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. மீன் கொள்கை எந்த மாவட்டத்தின் சொத்து என்று கேட்டுத் தெளிய வழியில்லை. பாட்டி பாகாலாவிலேயே இறங்கிவிட்டார்.