சும்மா ஒரு ரவுண்டு

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது ஐம்பதை ஒட்டி. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், டிராபிக் போலீஸிடம் இரண்டும் கலந்த பணிவு. வெயில் நாளில் கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால்கூட முழங்கால் வலி வந்துவிடும். வானம் மூடிக்கொண்டு தூறல் ஆரம்பித்தால் அந்த வலி போன இடம் தெரியாது. உங்கள் வாசலில் பைக் ஹாரன் அடிக்கும். “மச்சா, சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரலாம் வா!”

எங்கே என்று கேட்டால், “மைசூர் ரோடு பக்கம்” என்பார். அந்தப் ‘பக்க’த்தில் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மத்தூரும் அடக்கம் என்பது நாயண்டஹள்ளி தாண்டிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு ரெயின்கோட். அதையும் நட்புக்கு மரியாதை கொடுத்துப் பங்கு போடுவார். மேல்சட்டை அவருக்கு, பேன்ட் உங்களுக்கு. ஓட்டுகிறவர் நெஞ்சில்தான் மழை அடிக்குமாம். பின்னால் உட்காருகிறவருக்கு அவர் முதுகே குடையாம். கெங்கேரி வருவதற்குள் அந்தக் குடையிலிருந்து வழியும் தண்ணீரெல்லாம் உங்கள் சட்டைக்குள் இறங்கி, பேன்டுக்குள் போய்த் தேங்கும். தண்ணீரை உள்ளேயும் விடாது, உள்ளே வந்ததை வெளியேயும் விடாது. அவ்வளவு கண்டிப்பான பேன்ட்.

2023 மார்ச் 12 அன்று 118 கிலோமீட்டர் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையைத் திறந்தார்கள். மூன்று மணி நேரப் பயணம் இனி 75 நிமிடம் என்றார்கள். ஊரே கொண்டாடியது, நம்ம ஆசாமி துக்கம் அனுஷ்டித்தார். பிடதி, ராமநகரம், சன்னபட்டணா, மத்தூர், மண்டியா என்று ஓர் ஊர் பாக்கியில்லாமல் சுற்றிக்கொண்டு போகிறது அந்தச் சாலை. “இட்லிக்கு பைபாஸ், வடைக்கு பைபாஸ். அவ்ளோ சீக்கிரம் மைசூர் போய் என்ன பண்றது? அரண்மனையைக் கடிக்கிறதா?”

திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோடை மழையில் ராமநகரம் அருகே சாலையில் தண்ணீர் தேங்கி வண்டிகள் திண்டாடின. அதை அவர் வருண பகவானே கொடுத்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். அந்த ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ எல்லாம் விரைவுச்சாலையில் ஏறக் கூடாது என்று தடை வந்தது. பைக்காரர்கள் கொதித்தார்கள். இவர் மட்டும் தெருவில் லட்டு கொடுக்காத குறை. இனிமேல் சட்டப்படி பழைய ரோடுதானே! பழைய ரோடு ஊருக்குள் போகும். ஊர் என்றால் ஓட்டல் இருக்கும். “கவர்மென்டே நம்மள நின்னு சாப்ட்டுப் போகச் சொல்லுது மச்சா.”

முதல் நிறுத்தம் பிடதி. தட்டே இட்லி வரும். பெயருக்கேற்ப தட்டை அடைத்துக்கொண்டு ஆவி பறக்கும், மேலே வைத்த வெண்ணெய் உருகி ஒரு பக்கமாகச் சரியும், ஓரத்தில் சட்னி. “அண்ணா, பெண்ணெ ஸ்வல்ப ஜாஸ்தி ஹாக்கி!” என்று வெண்ணெய் கூடுதலாகக் கேட்டுவிட்டு, தன் தட்டைத் தொடாமல் உங்கள் வாயையே பார்ப்பார். முதல் விள்ளல் உள்ளே போனதும் புருவம் உயரும். “எப்டி?”

இது பரீட்சை. “நல்லாருக்கு” என்றால் ஃபெயில். “சுமார்” என்றால் உங்களுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். “ஐயோ, சான்ஸே இல்ல!” என்று நீங்கள் உருகினால்தான் அவர் கை தட்டுக்குப் போகும். ஒரு வாய் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, நிதானமாகச் சொல்வார்: “ம்ஹூம். முன்ன மாதிரி இல்ல. அப்ப நீ சாப்ட்டிருக்கணும்.” ஆக, மெய்மறந்து பாராட்டிய நீங்கள் அசடு, பழசு தெரிந்த அவர் ரசிகர்.

ராமநகரத்துப் பாறைகள் மழையில் நனைந்து கறுத்து மினுங்கும். 1975இல் வந்த ‘ஷோலே’யில் கப்பர் சிங் கொக்கரித்தது இந்தப் பாறைகளுக்கு நடுவேதான். ஒரு போட்டோ எடுக்கலாமே என்று தோளைத் தட்டினால் வண்டி நிற்காது. “பாறைல என்ன மச்சா இருக்கு? வேகவா போகுது?” சன்னபட்டணாவில் தானாகவே நிறுத்துவார். அரக்குச் சாயம் பூசிய மரப்பொம்மைகள் கடை கடையாகச் சிரிக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் எதிர்க்கடையில் “பை டூ காபி” சொல்வார். ஒரு காபியை இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொடுக்கிற பெங்களூரு வழக்கம். சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றில் மத்தூருக்கு இடம் விட்டு வைக்கிறார்.

மத்தூரில் வடையோடு வரலாறும் பரிமாறப்படும். 1917இல் இந்த ஊர் ரயில் நிலையத்தில் ராமச்சந்திர புத்யா பக்கோடா விற்றுக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் ரயில் முன்னாடியே வந்துவிட, உருட்டிப் போட நேரமில்லாமல் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டாராம்; பிறந்தது மத்தூர் வடை. “பார்த்தியா? ரயில் சீக்கிரம் வந்து நாட்டுக்கு நல்லது பண்ணது அந்த ஒரு வாட்டிதான்!” அரிசி மாவு, ரவை, மைதா, நிறைய வெங்காயம், கறிவேப்பிலை. பருப்பே இல்லாமல் வடையா என்று கேட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் பருப்பும் அங்கே வேகாது. ஓரம் மொறுமொறுவென்று உடையும். நடுவில் வெங்காயம் லேசாகத் தித்திக்கும். நீங்கள் சொக்கிப் போவீர்கள். அவர் சொல்வார்: “முன்ன மாதிரி இல்ல.”

மதியம் ராகி முத்தே. களி உருண்டையைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, வாயில் போட்டதும் உங்கள் தாடை அசைகிறதா என்று கண்காணிப்பார். “மெல்லாத! முழுங்கு!” கண்ணில் நீர் வர விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், இன்னொரு உருண்டை வந்திருக்கும்.

வீட்டுக்கு என்று ஒரு பார்சல் வடையும் வாங்குவார். “நாலு நாள் ஆனாலும் கெடாது” என்று கடைக்காரரைவிட உறுதியாகச் சொல்லுவார். திரும்பும்போது கெங்கேரியில் மழை வலுக்கும். மெட்ரோ பாலத்துக்கு அடியில் வண்டிகள் நகராது. பார்சலின் நூல் தளரும். “ஆறிட்டா நல்லா இருக்காது மச்சா.” நாலு நாள் தாங்கும் வடை நாயண்டஹள்ளி சிக்னலைத் தாங்காது.

இரவு அவர் வீட்டு வாசலில் இருவரும் சொட்டச் சொட்ட நிற்பீர்கள். அண்ணி கதவைத் திறந்ததும், அவர் விரல் உங்களை நோக்கி நீளும்: “இவன்தான் விடாம கூப்ட்டான்.” அண்ணி ஒன்றும் பேசமாட்டார். இருவருக்கும் துண்டு கொடுத்துவிட்டு, மதியம் கிண்டி வைத்து ஆறிப்போன உப்புமாவை அவருக்குத் தட்டு நிறையப் போடுவார். தட்டே இட்லி, வடை, முத்தே எல்லாவற்றுக்கும் மேலே அவர் முதல் கவளத்தை வைக்க, அண்ணியின் புருவம் உயரும். “எப்டி?”

“ஐயோ, சான்ஸே இல்ல,” என்பார் அவர். “முன்னைவிட நல்லாருக்கு.”