எத்தனை வோல்ட் என்று கேட்காதீர்கள்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகள், விடுமுறையில் ஸ்பார்க் காயில் வாங்கி வீட்டிலேயே மின்பொறி காட்டப்போகிறாளாம். இணையக் கடையில் '4,00,000 வோல்ட்' என்று போட்டிருக்கிறது. வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. வாங்கித் தரலாமா? (ஒரு தாய், அபிராமபுரம்)

பதில்: தாராளமாக வாங்கித் தாருங்கள், அந்த நாலு லட்சத்தை மட்டும் நம்பாதீர்கள். சாதாரணக் காற்றில் ஒரு செ.மீ. இடைவெளியைப் பொறி தாண்டச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். முனைகள் கூர்மையாக இருந்தால் அதைவிடக் குறைவாகவே போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு முனைகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்தால் விளம்பரத்தின் சாயம் வெளுத்துவிடும். உங்கள் மகளின் முதல் சோதனை அதுவாகவே இருக்கட்டும். ஆனால் வோல்ட் குறைவு என்று தெரிந்துவிட்டதால் ஆபத்தும் குறைவு என்று ஆகாது. எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தலை நனையும். நிறைகுடம் விழுந்தால் தலையே இருக்காது. உயரம் ஒன்றுதான், அளவுதான் வேறு. ஏ.சி. அறையில் கதவுப் பிடியைத் தொட்டதும் சுருக்கென்று தைப்பதிலும் சில ஆயிரம் வோல்ட் உண்டு, ஆனால் அதன் ஆற்றல் ஓரிரு மில்லிஜூல்கூட வராது. கார் இக்னிஷன் காயிலில் ஒவ்வொரு பொறிக்கும் பல பத்து மில்லிஜூல், அதுவும் நொடிக்குப் பலமுறை. ஆகவே கேட்கவேண்டியது, பின்னால் எவ்வளவு ஆற்றல் காத்திருக்கிறது என்பதைத்தான்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்கிறீர்கள். அது ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கும் கருவி. 30 மில்லியாம்பியர் குறைந்தால் இணைப்பைத் துண்டிக்கும். இந்தக் காயிலோ பேட்டரியில் ஓடுவது. அதன் ஷாக் அந்தக் கணக்கிலேயே வராது. மெயினில் செருகிய அடாப்டரில் ஓட்டினாலும் கதை அதேதான்: உயர் அழுத்தச் சுருளுக்குள் சுற்றும் கரண்ட் மெயின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதைக் காவல் என்று எண்ணுவது வீண் தைரியம். உண்மையான காவல், சுவிட்சின் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர். மகள் இணைப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றியே ஆகவேண்டும். இதய பேஸ்மேக்கர் வைத்திருக்கும் தாத்தா பாட்டி அந்த அறையில் இருக்கக் கூடாது. சானிட்டைசர் பாட்டிலும் அடுப்படியும் தூரத்தில் இருக்கட்டும். ஓசோன் வாடை வருவதால் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

கேள்வி: ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. இரு முனைகளையும் இரு கைகளால் தொட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். செருப்புக்கு அதில் வேலையே இல்லை. போதாக்குறைக்கு, வியர்வையும் கடற்காற்றின் உப்பும் படிந்த நம் ஊர்ப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பிலேயே உயர் அழுத்தம் ஊர்ந்து வரும். காயிலைத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்யப் பழக்குங்கள்.

இவ்வளவு வம்பு எதற்கு, வீடியோவில் பார்த்தால் போதாதா என்பவர்களுக்கு: 1895இல் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டதும், அதே ஆண்டு கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லாமல் மணியடித்துக் காட்டியதும் இப்படிப்பட்ட காயிலை வைத்துத்தான். காற்று கிழியும் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்ட பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தின் மின்புலம் வெறும் அம்புக்குறியாகத் தெரியாது. அதனாலேயே எல்லையைச் சரியாகப் போடவேண்டும். பழைய வெற்றிடக் குழாய்களை இதில் இணைக்கக் கூடாது. ரோன்ட்கனுக்கு வந்த கதிர் உங்கள் கூடத்திலும் வரலாம். பொறி இன்னும் பளிச்சென்று வெடிக்கவேண்டும் என்று லெய்டன் ஜாடியையோ கெப்பாசிட்டரையோ சேர்க்கும் ஆசை கட்டாயம் வரும். அங்கேதான் சொட்டு குடமாகிறது; பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். காயலான் கடையில் கிடைக்கும் மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரின் 2,000 வோல்ட் கேட்பதற்குச் சிறிய எண்தான், ஆனால் அரை ஆம்பியருக்கும் மேல் கொடுக்கும். மனித இதயத்தை நிறுத்த அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அந்தப் பொருளை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் விடாதீர்கள்.