எல்லை இல்லாத ஊருக்கு வழி

1985-இல் லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூர் அருகே, மோசெல் ஆற்றில் நின்ற படகொன்றில் ஐந்து நாடுகள் கூடி, எல்லைச் சோதனை வேண்டாமென்று கையெழுத்திட்டன. அந்த ஊர்ப் பெயரே கூட்டத்துக்கும் பெயரானது: ஷெங்கன். இன்று 29 நாடுகள். உள்ளே போனால் கேட்பாரில்லை. உள்ளே போக விசா வாங்குவதற்குத்தான் வங்கிக் கணக்கு, ஓட்டல் முன்பதிவு, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம்.

கேட்பாரில்லை என்பதும் பேச்சுக்குத்தான். பிரான்ஸ் 2015 நவம்பரில் 'தற்காலிகமாக'க் கொண்டுவந்த சோதனையை இன்னும் தற்காலிகமாகவே நீட்டித்து வருகிறது.

எந்த நாட்டிடம் விசா கேட்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாட்கள் சமமென்றால் முதலில் கால்வைக்கும் நாட்டிடம். எல்லையே கிடையாதாம், ஆனால் எந்தப் பக்கம் எத்தனை இரவு படுப்பீர்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். அப்புறம், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. வந்த நாளும் கிளம்பிய நாளும் சேர்த்தி. பஞ்சாங்கம் கணிப்பவரே திணறுவார்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து நேர்மாறு. வாட்டிகன் தனி நாடு, விசா கேட்காது. சுற்றிலும் இத்தாலி, அது கேட்கும். ஒருமுறை நுழைவு விசாவில் பாரிஸ் வந்தவர் ஷெங்கனுக்கு வெளியே இருக்கும் லண்டனை எட்டிப் பார்க்கக் கிளம்பினால், பெட்டியையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.