இரண்டு பக்கத்துக்கு மிகாமல்

இந்த மாதக் கடைசியோடு எனக்கு ரிடையர்மென்ட். மாலை, சால்வையெல்லாம் பிறகுதானாம். “சார், உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் ரெண்டு பக்கத்துக்கு மிகாம டைப் பண்ணிக் கொடுத்துடுங்க, நாலெட்ஜ் டிரான்ஸ்பர் முடிஞ்சிடும்” என்று நேற்று மேனேஜர் தம்பி சொல்லிவிட்டுப் போனார். 34 வருஷ சர்வீஸ். பக்கத்துக்குப் பதினேழு.

பிரிண்டரைச் சட்டென்று முடித்துவிட்டு முக்கியமான விஷயத்துக்கு வரலாம் என்று உட்கார்ந்தேன்.

“பேப்பர் வைக்கவும்” என்று அடித்தேன். எப்படி வைக்க? கட்டைப் பிரித்துச் சீட்டுக்கட்டு மாதிரி விசிற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு போய்ச் சிக்கும். அப்புறம் மேஜைமேல் நாலு பக்கமும் தட்டிச் சமன் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கட்டைப் பிரித்துப் போட்டுவைக்கவே கூடாது; ஈரம் குடித்துப் பொரித்த அப்பளமாகச் சுருண்டுகொள்ளும். பேப்பரை இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்துப் போயிருந்தால் ஈரத்துணியால் ஒரு துடை. டிரேயை முழங்காலால்தான் தள்ள வேண்டும், கை வைத்தால் கோபித்துக்கொள்ளும். டோனர் தீர்ந்தது என்று விளக்கு எரிந்தால் நம்பக் கூடாது. கழற்றி, தொட்டில் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி இடமும் வலமும் ஆட்டிப் போட்டால் இன்னும் சில நாள் ஓடும். எத்தனை ஆட்டு? உங்கள் வீட்டம்மாவிடம் ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அதே கணக்குதான்.

முதல் பக்கம் காலி.

ஜப்பானில் 1980களில் மட்சுஷிதா கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு ரொட்டி மெஷின் செய்யப் பார்த்தார்கள். மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. பிசைந்த மாவை எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்த்தார்களாம்! கடைசியில் இகுகோ தனாகா என்ற சாப்ட்வேர்க்காரம்மா ஒசாகா ஹோட்டல் ஒன்றின் ரொட்டி மாஸ்டரிடம் போய் நின்று, கூடவே மாவு பிசைந்து கற்றுக்கொண்டு வந்தார். அந்த மாஸ்டரிடம் யாரும் இரண்டு பக்கம் கேட்கவில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் பையன் இருபது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தான், அதில் பாதி நேரம் செல்போனைப் பார்த்தபடி.

அட, முக்கியமான விஷயத்துக்கு இன்னும் வரவே இல்லை. மூன்றாம் நம்பர் பீரோ. சாவியை முழுக்க நுழைத்து, சற்றே வெளியே இழுத்து... ‘சற்றே’ என்றால் எவ்வளவு? எழுந்துபோய்த் திறந்து பார்த்தேன். திறந்துகொண்டது.

எப்படித் திறந்தேன் என்று கவனிக்கவில்லை. மறுபடி பூட்டினேன்.