சக்கரத்தின் மேல் ஒரு ரசமட்டம்

பி.எஃப். பணம் கைக்கு வந்த மாதத்தில் மனிதனுக்குப் புத்தி நிதானத்தில் இருப்பதில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த மாதத்தில் ஈமு கோழி வாங்கினார். நான் வேன் வாங்கினேன். சும்மா வேன் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் வைத்தது. மோட்டார்ஹோம் என்றார் விற்றவர். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "சார் வீட்டு வாசல்ல என்ன, ரத்த தான வண்டி நிக்குது?" என்றுதான் கேட்டார்கள்.

என் மனைவி வண்டியை வலமாக ஒரு சுற்று சுற்றினாள். உள்ளே ஏறினாள். ஜன்னல் விளிம்பில் விரல் வைத்து இழுத்து, விரல் நுனியைப் பார்த்தாள்.

"ஏங்க, இதையும் நான்தான் பெருக்கணுமா?"

மோட்டார்ஹோம் பற்றி இதுவரை நான் கேட்டதிலேயே சாரமான வாக்கியம் இதுதான். ஊர் சுற்றும் சுதந்திரத்தை வாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கியது இன்னொரு வீடு. அதுவும் ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கிற வீடு.

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது கடலூர்ப் பக்கம் யாருக்காவது இந்த ஆசை வந்தால் அவர் வீட்டார் அவரை என்னிடம் அனுப்புகிறார்கள். நான் அவரைத் தடுத்துவிடுவேன் என்று நம்பிக்கை. நான் தடுப்பதில்லை. வண்டியைக் காட்டி, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காகித விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் என்ன வகை வண்டி என்று எழுதியிருக்கிறதோ அதுதான் வண்டி. பழைய வேனை வாங்கி, சீட்டைப் பிடுங்கி, தெரிந்த தச்சரை வைத்துக் கட்டில் அடித்துவிட்டால் அது மோட்டார்ஹோம் ஆகாது. ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. இன்ஷூரன்ஸ்காரருக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். கேம்பர் வேன் என்று பதிவான வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு விற்கும் உமணர்களின் வண்டியைக் காட்டுகிறார். குடிசை மாதிரிக் கூரை, கோழி அடைய ஒரு கூடு, தொங்கவிட்ட சின்ன உரல், காடி வைத்த பானை. பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டுக்காரிதான் மாட்டை ஓட்டிப் போகிறாள். இதைவிட நல்ல மோட்டார்ஹோம் எது? அந்த வண்டிகளின் அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டி வைத்திருந்தார்கள் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷம் கழித்து, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கிளம்பினேன்.

முதல் பயணம் சிதம்பரத்துக்கு. ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம்கூட முழுசாக வராத தூரம். புது வண்டிக்காரர்கள் முதலிலேயே மூணாறு, ஊட்டி என்று கிளம்பக்கூடாது. ஏதாவது ஆனால் மச்சான் பைக்கில் வந்து சேரும் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ; நிரப்பினால் இரண்டு பெரிய ஆளைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். டீசல் மிச்சம் பிடிக்கலாமென்று பாதி நிரப்பினேன். நிறைகுடம் தளும்பாது என்று பெரியவர்கள் சொன்னது வண்டிக்கும் பொருந்தும். கெடிலம் பாலம் தாண்டி ஒரு வளைவில் திரும்பியபோது நான் ஒரு பக்கம் திரும்ப, அறுபது லிட்டர் தண்ணீர் மறுபக்கம் திரும்பியது. நிரப்பினால் முழுக்க நிரப்புங்கள். இல்லையென்றால் காலியாகப் போய், சேருமிடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடு பிரேக்கர் அடுத்தது. அலமாரிக் கதவுகளுக்குக் காந்தம் போதும் என்று நினைத்திருந்தேன். ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டி எகிறியது. பின்னால் 'ட்டங்' என்று ஒரு சத்தம். பிறகு மழை பெய்கிற மாதிரி இன்னொரு சத்தம். அஞ்சறைப்பெட்டி திறந்து கடுகு கொட்டியிருந்தது. பிரேக் பிடித்தால் கடுகெல்லாம் என் செருப்புவரை உருண்டு வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கக்கூஸ் கதவுவரை திரும்பிப் போகும். பெருக்கவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். பழைய வீட்டுக் கொக்கி போதும். இன்றைக்கும் அந்த வண்டியில் எதையாவது நகர்த்தினால் ஒரு கடுகு எட்டிப் பார்க்கிறது.

நிறுத்துவதற்கு மட்டமான இடம் வேண்டும் என்பதை அடுப்பு சொல்லிக்கொடுத்தது. புதுச்சத்திரம் தாண்டி ஒரு கிளைச்சாலையில், புளியமர நிழலில் நிறுத்தி, மனைவி தோசை வார்த்தாள். நடுவில் ஊற்றிய மாவு மெதுவாகத் தெற்கே போனது. வட்டமாகத் தொடங்கி இலங்கை மாதிரி வந்து முடிந்தது. கொத்தனாரிடம் இருப்பதுபோல் ஒரு ரசமட்டம் வாங்க வேண்டும் என்றேன். "எதுக்குத் தண்டச்செலவு?" என்று ஒரு கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி மேடையில் வைத்தாள். ரசம் எந்தப் பக்கம் விளிம்பைத் தொடுகிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் கீழ் பலகை வைத்து ஏற்ற வேண்டும். அன்று முதல் எங்கள் வண்டியில் ரசமட்டம் என்பது ரசத்தின் மட்டம்தான். வேலை முடிந்ததும் குடித்துவிடலாம். கடையில் விற்பதில் அந்த வசதி இல்லை.

கேஸ் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் ஒரு வார்த்தை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மேல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கக்கூடாது. சிலிண்டர் இருக்கும் அறையின் அடிமட்டத்தில், வண்டிக்கு வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும். ஓடும்போது வால்வை மூடிவிட வேண்டும்.

இலங்கையைத் தின்றுகொண்டிருந்தபோது ஓர் ஆயா வந்து படியில் கால் வைத்தார்.

"டாக்டரம்மா வந்துட்டாங்களா?"

"இல்லம்மா, நாங்க டாக்டர் இல்ல," என்றாள் மனைவி.

"பரவால்ல கண்ணு, பாத்துட்டுச் சொல்லு." கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷரும் சுகரும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். வெள்ளை வண்டி, உள்ளே கட்டில், கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. வேறென்ன நினைப்பார்? வேன் வாங்கிய நாள் முதல் மனைவி பிரஷர் கருவியைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தாள். 150க்கு 90. "மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" ஆயா தலையைக் குனிந்துகொண்டார். தெரு முனையிலிருந்து நான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். பதினொரு பேருக்குப் பிரஷர் பார்த்து, எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லித் திட்டி அனுப்பினாள். வரிசையின் கடைசியில் ஒரு பையன் ஆட்டுக்குட்டியோடு நின்றான். ஃபீஸாக நான்கு முருங்கைக்காயும் ஒரு பிடி கத்தரிக்காயும் சேர்ந்தன.

ஆகவே வெள்ளை வண்டியைப் பற்றி யோசியுங்கள். வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது. அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு வண்டிக்குள் உட்கார்ந்தால் இட்லிக்கு என்ன ஆகுமோ அது நமக்கு ஆகும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். நாங்கள் மனைவியின் பழைய பூப்போட்ட சேலைகளைக் கிழித்து ஜன்னல்களுக்குத் திரை போட்டோம். அதற்கப்புறம் யாரும் கை நீட்டவில்லை. மாரியம்மன் வேஷம் கட்டும் கோஷ்டியா என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கீழ வீதியில் தேர்கள் நின்றிருந்தன. முன்பெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு வண்டிக்காரன் கண்ணோடு நின்று பார்த்தேன். மற்ற ஊர்களில் மூலவர் வீட்டோடு இருப்பார், உற்சவர்தான் வெளியே போவார். இங்கே நடராசரே ஆனியிலும் மார்கழியிலும் வீட்டைவிட்டு இறங்கித் தேரில் ஏறிவிடுகிறார். நான்கு வீதி, ஒரு நாள், இரவுக்குள் நிலை. இரவில் தேரில் படுப்பதில்லை. ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போய்விடுகிறார். அனுபவஸ்தர்.

தேரைப் பார்த்து நான் கற்றது இரண்டு. ஒன்று உயரம். மேலே என்ன போகிறது என்று பார்க்காமல் யாரும் தேர் இழுப்பதில்லை. என் வண்டி, கூரைமேல் இருப்பதையும் சேர்த்துப் பத்தே கால் அடி. அதை ஸ்டியரிங்குக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். ரயில்வே சுரங்கப்பாதை வாசலில் டேப் வைத்து அளந்துகொண்டிருக்க முடியாது. இன்னொன்று முட்டுக்கட்டை. ஹேண்ட் பிரேக்கை நம்பித் தூங்கக்கூடாது. இரண்டு கட்டை செய்து வைத்திருக்கிறேன். "வீட்டுல ஒண்ணு இருக்கேன், போதாதா?" என்றாள் மனைவி.

அந்த ஊருக்கு வந்துவிட்டு சம்பா சாதமும் கொத்சும் இல்லாமலா? ஃபீஸாக வந்த கத்தரிக்காய் இருந்தது. மிளகாய், தனியா, கடலைப்பருப்பை வறுத்து மிக்ஸியில் போட்டாள். மிக்ஸி 750 வாட்ஸ்; என் இன்வெர்ட்டர் 300. 'கிர்' என்று அரைச் சுற்று சுற்றி, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி, விளக்கு, மின்விசிறி எல்லாம் போய் இருட்டானது. வாங்குவதற்கு முன்னால் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றின் அடியிலும் திருப்பிப் பார்த்து வாட்ஸைக் கூட்டுங்கள். இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி என்று தனித்தனியாக இருக்கட்டும். உமணர்கள் உரலைத் தொங்கவிட்டுக்கொண்டு போனதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

இரவு நிறுத்த ஒரு லாட்ஜில் இடம் கேட்டோம். ரூம் எடுத்தால்தான் பார்க்கிங். எடுத்தோம். மைத்துனன் பைக்கில் வந்து, "வரலாம் மாமா, வரலாம், வரலாம்" என்று பின்னாலிருந்து கையசைத்தான். வண்டி சுவரில் இடித்த பிறகு "ஆங், போதும்" என்றான். நம் ஊரில் ரிவர்ஸ் எடுக்க உதவுபவர்கள் எல்லோரும் இப்படித்தான். இறங்கிப் போய்ப் பாருங்கள்; வெட்கப்பட வேண்டாம்.

மனைவி ரூமில் ஃபேனுக்கடியில் படுத்தாள். நான் வைராக்கியமாக வண்டியில். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தேன். கூரைத் திறப்பை மறந்துவிட்டேன். இரண்டு மணிக்கு ரூம் கதவைத் தட்டினேன். கதவைத் திறக்காமலே உள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன, நிலைக்கு வந்தாச்சா?"

கக்கூஸ் விஷயத்தை எல்லோரும் கடைசியில்தான், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். தொட்டியில் சேர்வதை எங்கே கொட்டுவது? வெளிநாடுகளில் அதற்கென்று இடம் இருக்கிறது. இந்தப் பக்கம் எனக்கு அப்படி ஒன்றும் அகப்படவில்லை. ஆற்றிலும் வயலோரத்திலும் கொட்டுகிறவன் மனிதனில்லை. சிதம்பரத்திலிருந்து பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு செப்டிக் டேங்க்கிலேயே சேர்த்தேன். காசிக்குப் போயும் கருமம் தொலையவில்லை என்பார்களே, அதன் அர்த்தம் மூக்குக்கு நேராக விளங்கியது.

இப்போது மாதம் ஒரு முறை எடுக்கிறோம். மற்ற நாளில் வண்டி வாசலில் நிற்கிறது. தென்னை மரத்தடியில் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரன் மரத்தடியில் வண்டி விடமாட்டான். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த மறுநாள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், உப்புக்காற்றுக்குத் துரு பிடிக்காமல்.

போன வாரம் கழுவும்போது படிக்குக் கீழே ஏதோ அசைந்தது. பக்கத்து வீட்டுக் கோழி. மூன்று முட்டை போட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"இருபத்தோரு நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க," என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் வேன் வாங்கிய பிறகு பார்த்ததில்லை.