சேதாரம் இல்லாத பாட்டு

என் அக்கா மகன் கேட்கும் பாட்டு ஒவ்வொன்றும் நூறு எம்பி இருக்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஃபிளாக். அதற்குக் கீழே எதையும் காதில் விட மாட்டான். "லாஸ்லெஸ் மாமா" என்பான், நகைக்கடைக்காரர் 'சேதாரம் இல்லை' என்று சொல்கிற அதே முகத்தோடு.

எங்கள் காலத்துச் சேதாரமெல்லாம் கண்ணெதிரே நடந்தது. எண்பதுகளில் கோவில்பட்டியில் ஒரு ரெக்கார்டிங் சென்டர். பள்ளி விடுமுறையில் அங்கே நான் எடுபிடி. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து டெக்கின் ஹெட்டைத் துடைக்க வேண்டும், எல்பி தட்டில் தூசி தட்ட வேண்டும், கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களைக் குண்டு குண்டாக எழுத வேண்டும். வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் பட்டியலோடு வருவார். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு தாராளமாகப் போகும். ஏழாவது, இரண்டாம் சரணத்தின் நடுவில் 'டொக்' என்று நின்றுவிடும். ஊரில் பல வீடுகளுக்கு அந்தப் பாட்டின் முடிவே அந்த டொக்தான்.

தனியார் பஸ் டிரைவர்கள் வந்தால் கடை களைகட்டும். "அண்ணாச்சி, பேஸை நல்லா தூக்கி விடுங்க. பின் சீட்டு வரைக்கும் கும்முனு கேக்கணும்." அண்ணாச்சி ஈக்வலைசரில் இடப்பக்கத்து விசைகளை மேலே தள்ளுவார். மீட்டர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் கீழே இறக்குகிற வழக்கம் கடையில் இல்லை. இன்னொரு தொழில் ரகசியமும் உண்டு. டால்பி பொத்தானைப் போட்டுத்தான் பதிவார். அப்படிப் பதியும்போது மெல்லிய கீச்சொலிகள் தூக்கிப் பதிவாகும். டால்பி உள்ள பிளேயரில் போட்டால் அது திரும்ப இறங்கும், டேப்பின் 'உஸ்' சத்தமும் கூடவே இறங்கும். வாடிக்கையாளர் வீட்டு டேப் ரெக்கார்டரில் டால்பி ஏது? தூக்கியது தூக்கியபடியே ஒலிக்கும். "அண்ணாச்சி கடை ரெக்கார்டிங்னா கிளியர்" என்று ஊரெல்லாம் பேர்.

சிடி வந்ததும் இந்தக் கைவேலைக்கெல்லாம் இடமில்லாமல் போனது. விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதிவைக்கிற முறை அது. ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்குப் பத்து எம்பி. தொண்ணூறுகளின் கடைசியில் நாலு ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டு ஜமீன்தார் போல நடமாடிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு படத்துப் பாட்டு ஐந்தும் சேர்ந்து 250 எம்பியைத் தின்றது பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எம்பி3 வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் கூட்டாளிகளும் உழைத்து உருவாக்கியது; .எம்பி3 என்ற வால் 1995-ல் ஒட்டியது. காது எங்கெல்லாம் ஏமாறும் என்று பட்டியல் போட்டு, அந்த இடங்களிலெல்லாம் கைவைப்பதுதான் அதன் சூட்சுமம். தவில் ஓங்கி விழுகிற கணத்தில் பக்கத்திலேயே முனகுகிற சன்ன ஒலி நமக்குக் கேட்காது. கேட்காததை எதற்கு நுணுக்கமாக எழுதிவைப்பது என்று அதற்குப் பிட்டைக் குறைத்துவிடும். இப்படிக் கிள்ளிக் கிள்ளியே 128 கிலோபிட்டில் பத்து எம்பி ஒரு எம்பியாகிவிடும். சுசான் வேகாவின் டாம்ஸ் டைனர் பாட்டை வைத்துத்தான் பிராண்டன்பர்க் இதைத் தீட்டினார். பக்கவாத்தியமே இல்லாத ஒற்றைக் குரல் அது. கிள்ளிய தழும்பை ஒளித்துவைக்க அதில் இடமில்லை.

கஞ்சிராவிலும் குட்டு வெளிப்படும். ஒலியை 1,152 அளவுகள் கொண்ட சட்டங்களாகப் பிரித்துத்தான் எம்பி3 வேலை செய்யும். ஒரு சட்டம் சுமார் 26 மில்லி விநாடி. சட்டத்தின் கடைசியில் திடீரென்று அடி விழுந்தால், கிள்ளியதால் வந்த இரைச்சல் அடிக்கு முன்னாலும் கசியும். அடி விழும் முன்பே அதன் தூசி கிளம்பிவிடும். பிளாட்பாரக் கடையில் '200 பாடல்கள்' என்று விற்ற சிடிக்களில் இது அப்பட்டமாகக் கேட்கும். 700 எம்பிக்குள் அத்தனையையும் திணிக்க 96, 64 என்று இறங்கியிருப்பார்கள். நாங்கள் பாட்டை எண்ணினோமே தவிர பிட்டை எண்ணவில்லை.

இப்போது மருமகன் பிட்டை எண்ணுகிறான். ஃபிளாக் உண்மையிலேயே யோக்கியமான சரக்குதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2001-ல் முழு வடிவம் பெற்றது; கோப்பைப் பாதியளவுக்குச் சுருக்கினாலும், விரிக்கும்போது ஒரு பிட் குறையாமல் திரும்பத் தரும். உள்ளே போட்டது எதுவோ அதுவே வெளியே வரும். போட்டது யார், எதை என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அவன் பெருமையோடு காட்டிய ஒரு பாட்டை ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் போட்டேன். கீழே நெருப்பாகச் செம்மஞ்சள்; 16,000 ஹெர்ட்ஸில் ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் ஒரு கோடு; அதற்கு மேல் வெறும் இருட்டு. பழைய 128 எம்பி3களில் வழக்கமாகக் காணும் கோடு அது. யாரோ புண்ணியவான் நாலு எம்பியை நூறு எம்பியாக ஊதிவைத்திருக்கிறார். இன்னொரு பாட்டு அசல் எல்பியிலிருந்து எடுத்தது. அதில் ஊசி கீறும் கரகரப்பு 24 பிட்டில், துளிகூடச் சேதாரமில்லாமல் இருந்தது.

"ஆனா சவுண்டு நல்லாத்தானே இருக்கு மாமா?"

"எதுலடா கேக்குற?"

காதிலிருந்து புளூடூத் பட்ஸைக் கழற்றிக் காட்டினான். அதற்கு அனுப்பும் முன் போனே பாட்டை எஸ்பிசி முறையில் மறுபடி நசுக்கி, விநாடிக்குச் சுமார் 300 கிலோபிட்டாக்கித்தான் அனுப்புகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் அவன் பைக்கில் போகும்போது கேட்கிறான், ஹெல்மெட்டுக்குள். நானும் பெரிதாகப் பேச முடியாது; என் காது 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வாங்குவதில்லை. 16,000 கோட்டை என் கண்தான் கண்டுபிடித்தது.

போன வாரம் அவர்கள் வீட்டில் பழைய கார் ஒன்று வாங்கினார்கள். அதன் ஸ்டீரியோவுக்கு ஃபிளாக் என்றால் என்னவென்றே தெரியாது. பென் டிரைவோடு வந்து நின்றான்.

"எல்லாத்தையும் எம்பி3 ஆக்கித் தாங்க மாமா."

"320-ல போடட்டுமா?"

கொஞ்சம் யோசித்தான். "128-ல போட்டா இன்னும் நிறையப் பாட்டு பிடிக்கும்ல?"